காலைத் தூக்கி மீண்டும் ஊன்றும் சுவர்

சேலம் அம்மாப்பேட்டையில் என் அத்தை வீட்டுக் கூடத்தில் இருந்த இரும்பு பீரோவை உள்ளறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. நானும் அத்தை மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "தூக்காதே கண்ணு, சாய்த்துச் சாய்த்து நடத்திக்கொண்டு போ" என்றார். அப்படியே செய்தோம். இடப்பக்கம் சற்றுச் சாய்த்து வலக்காலை முன்னே வைத்தோம். பிறகு வலப்பக்கம் சாய்த்து இடக்காலை. கால்மணி நேரத்தில் பீரோ உள்ளறைக்கு நடந்து போய்விட்டது.

இடையில் ஒருமுறை என் பிடி நழுவியது. சாய்ந்திருந்த பீரோ 'தொம்' என்ற சத்தத்தோடு முன்பு நின்ற இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. உள்ளே இருந்த பாத்திரங்கள் குலுங்கின, பீரோவுக்கு ஒரு சேதமும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டட வடிவமைப்பில் இருக்கிறேன். மாணவர்களிடமும் கட்டட உரிமையாளர்களிடமும் நான் மணிக்கணக்கில் சொல்லிப் புரியவைக்க முயன்ற ஒரு கருத்து அந்த ஒரு சத்தத்துக்குள் அடங்கியிருந்தது. நிலநடுக்கத்தின்போது தன் காலைத் தூக்கி, சாய்ந்து, மீண்டும் அதே இடத்தில் ஊன்றிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. பொறியாளர்கள் அதை ராக்கிங் வால் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஆடுசுவர் என்று அழைக்கிறேன்.

முதலில், பீரோ ஏன் திரும்பி வந்தது? அதன் எடை முழுவதும் நடுவில் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து கீழே விடும் தூக்குக்குண்டு நூல், ஊன்றியிருக்கும் காலுக்கு உட்பக்கமாக விழும் வரை எடையே பீரோவைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும். நூல் காலைத் தாண்டி வெளியே விழுந்தால் கவிழ்ந்துவிடும். ஆறரை அடி உயரமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள பீரோ முன்பக்கமாகச் சுமார் 13 டிகிரி வரை தாங்கும். மூன்று அடி அகலமுள்ள பக்கவாட்டில் ஏறத்தாழ 25 டிகிரி. பீரோவைப் பக்கவாட்டில் சாய்த்தே நடத்துவதற்குக் காரணம் இதுதான்.

இதைச் சுவருக்கு எடுத்துச் செல்வதற்கு முன், நாம் இன்று கட்டும் சுவரும் தூணும் நிலநடுக்கத்தில் என்ன செய்யும்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைக் கேட்டால் வீடு கட்டியவர்கள் பலர் திகைப்பார்கள்.

நிலநடுக்கத்துக்கான நம் நாட்டு விதி, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 1893 எண் கொண்ட ஆவணம். நிலநடுக்க அபாயத்தைப் பொறுத்து நாட்டை மண்டலங்களாகப் பிரிக்கும் அதன் 2016 பதிப்பு, சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் வைத்திருக்கிறது. நிலம் எவ்வளவு கடுமையாக அதிரலாம் என்பதைக் குறிக்கும் மண்டலக் காரணி 0.16. சேலத்தில் நிலநடுக்கமா என்று கேட்பவர்கள் உண்டு. சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலை, சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அதன் உறுதியை நம்புவதில் தவறில்லை. ஆனால் மோயாறு, பவானி, ஆத்தூர்ப் பக்கமாகப் பழைய பிளவு மண்டலங்கள் ஓடுகின்றன. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. 2018 ஜூலையில் சேலம் வட்டாரத்திலேயே 3.3 அளவில் ஓர் அதிர்வு உணரப்பட்டது. அது சேதம் செய்யும் அளவன்று. பழைய பாறை மீது நிற்பதால் பயமில்லை என்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியிலும் நம்பியிருந்தார்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அங்கே பல ஆயிரம் உயிர்கள் போயின.

அந்த விதி கட்டடத்தை எவ்வளவு விசைக்கு வடிவமைக்கச் சொல்கிறது? நிலநடுக்கத்தின் முழு விசைக்கு அல்ல. நெகிழ்ந்து கொடுக்கும்படி சிறப்பாகக் கம்பி கட்டிய தூண் உத்திரச் சட்டகத்துக்கு அந்த விசையை ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம். மீதியை எது தாங்கும்? கம்பியின் நெகிழ்ச்சி தாங்கும். உத்திரத்தின் முனைகளிலும் சுவரின் அடியிலும் கான்கிரீட் வெடிக்கும், உள்ளே கம்பி நீளும், வளையும், அப்படி வளைவதில் நிலநடுக்கத்தின் ஆற்றல் செலவாகும். கட்டடம் விழாது, உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியேறுவார்கள். விதி தரும் வாக்குறுதி அவ்வளவுதான். மறுநாள் அந்தக் கட்டடத்துக்குள் திரும்பிப் போகலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. உயிரைக் காப்பது பெரிய காரியம். எண்ணற்ற குடும்பங்கள் இந்த விதியால் பிழைத்திருக்கின்றன. ஆனால் நாம் பயன்படுத்தும் ஐந்நூறு வகை (Fe 500) கம்பி தன் நீளத்தில் நானூற்றில் ஒரு பங்கு நீண்டாலே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். அதன் பிறகு அது தானாகப் பழைய நீளத்துக்கு வராது. எனவே கட்டடம் சற்றே சாய்ந்த நிலையில் நின்றுவிடும். இருநூற்றில் ஒரு பங்குக்கு மேல் சாய்ந்து நின்றுவிட்டால், அதைச் சீர்செய்வதைவிட இடித்துக் கட்டுவதே மலிவு என்று ஜப்பானிய அனுபவத்தை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு வெறும் ஐந்து சென்டிமீட்டர்!

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் இந்தப் பாடத்தை மிகக் கடுமையாகக் கற்றது. 2011 பிப்ரவரி 22 அன்று அங்கே 6.2 அளவில் நிலநடுக்கம். 185 பேர் இறந்தார்கள். நவீன விதிப்படி கட்டிய கட்டடங்களில் பெரும்பாலானவை விழாமல் நின்றன. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் நகர மையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை இடித்தார்கள். சாய்ந்து நின்ற 26 மாடி ஓட்டல் ஒன்றை மாடி மாடியாகக் கழற்றி இறக்கினார்கள். நகர மையம் நெடுங்காலம் வேலி போட்டு மூடிக் கிடந்தது. சேலத்தின் நான்கு ரோடும் ஐந்து ரோடும் சேர்ந்தாற்போல் இரண்டு ஆண்டுகள் மூடப்பட்டால் இங்குள்ள கடைக்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உயிர் பிழைத்த ஊர் பிழைப்பை இழந்துவிடுகிறது. ஆடுசுவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டுவது இந்தக் கவலைதான்.

இப்போது சுவருக்கு வருவோம். 1960 மே மாதம் சிலி நாட்டை உலுக்கிய மாபெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு விந்தையைக் கவனித்தார்கள். ஒற்றைத் தண்டின் மீது பந்தை வைத்தாற்போல் நின்ற மேல்நிலை நீர்த்தொட்டிகள் சில, பார்த்தாலே கவிழ்ந்துவிடும் போன்றவை, தப்பி நின்றன. உறுதியாகத் தோன்றிய வேறு தொட்டிகள் பெருஞ்சேதம் அடைந்திருந்தன. அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ஜார்ஜ் ஹவுஸ்னர் இதை ஆராய்ந்து 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். தப்பிய தொட்டிகளின் அடித்தளம் ஒருபக்கமாகத் தரையிலிருந்து எழும்பி, ஆடி, திரும்ப உட்கார்ந்திருக்கிறது. எழும்பியதால் தரையின் உலுக்கல் முழுவதும் மேலே போய்ச் சேரவில்லை. அவர் கணக்கில் இன்னொரு வியப்பும் வந்தது: ஒரே வடிவத்தில் சிறிதும் பெரிதுமாக இரண்டு கட்டைகள் இருந்தால், ஒரே அதிர்வில் பெரியதே கவிழ்வது கடினம். ஊஞ்சலை ஒரே தாளத்தில் தள்ளத் தள்ள வீச்சு கூடும் என்பது நமக்குத் தெரியும். ஆடும் கட்டைக்கு அப்படி ஒரே தாளம் கிடையாது. அதிகம் சாய்ந்தால் மெதுவாக ஆடும், குறைவாகச் சாய்ந்தால் வேகமாக ஆடும். ஆகவே நிலத்தின் தாளம் அதனோடு எளிதில் ஒத்துப்போகாது.

நியூசிலாந்துக்காரர்கள் இதைத் துணிந்து ஒரு ரயில் பாலத்தில் செய்து பார்த்தார்கள். 1981இல் திறக்கப்பட்ட தெற்கு ராங்கிடிக்கி பாலத்தின் உயரமான தூண்களுக்குத் தனித்தனிக் கால்கள் உண்டு. நிலநடுக்கம் வந்தால் ஒரு காலைத் தூக்கி மறு காலில் நிற்கும்படியே அவை கட்டப்பட்டிருக்கின்றன.

கட்டடத்துக்குள் வைக்கும் ஆடுசுவரில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. முதலாவது சுவர். முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து நிறுத்தும் முன்வார்ப்புக் கான்கிரீட்டாகவோ அடுக்கி ஒட்டிய கனமான மரப்பலகையாகவோ இருக்கலாம். அடித்தளத்தோடு அதைக் கம்பி போட்டுக் கட்டிவிடுவதில்லை. பீரோவைத் தரையில் வைப்பதுபோல் வைக்கிறார்கள்.

இரண்டாவது கேபிள். பீரோ தன் எடையால் மட்டுமே திரும்பி வந்தது. பல மாடிச் சுவர் பக்கவாட்டில் வாங்கும் விசைக்கு அந்த எடை போதாது. எனவே சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு துளை விட்டு, அதன் வழியாக உயர்வலிமை எஃகுக் கேபிளை இறக்கி, அடித்தளத்தில் மாட்டி, உச்சியில் ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டுகிறார்கள். அடுக்கு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுகள் தனித்தனிதான், பக்கக் கம்பியை இழுத்து மேல்மூடியில் மாட்டியதும் ஒரே பொருளாகிவிடுகின்றன. கேபிள் அப்படித்தான் சுவரை அடித்தளத்தின்மேல் அழுத்திப் பிடிக்கிறது. சுவர் சாய்ந்தால் கேபிள் இன்னும் நீண்டு, ரப்பரைப் போல் மீண்டும் சுருங்கப் பார்த்து, சுவரை நிமிர்த்துகிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சுவரின் உயரம் 10 மீட்டர், அகலம் 2 மீட்டர் என்று கொள்வோம். பெரிய நிலநடுக்கத்தில் அது ஐம்பதில் ஒரு பங்கு சாய்கிறது, அதாவது உச்சி 20 சென்டிமீட்டர் நகர்கிறது. அப்போது ஊன்றாத பக்கத்துக் கால் 4 சென்டிமீட்டர் எழும்பும். நடுவில் இருக்கும் கேபிள் அதில் பாதி, 2 சென்டிமீட்டர், நீள வேண்டியிருக்கும். கேபிள் துளைக்குள் கான்கிரீட்டோடு ஒட்டாமல் தளர்வாகக் கிடந்தால், இந்த 2 சென்டிமீட்டரை அதன் 10 மீட்டர் நீளமும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஐந்நூற்றில் ஒரு பங்குதான். இந்த வகை எஃகு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கை நெருங்கும் வரை மீளும் தன்மையை இழக்காது. ஆனால் வழக்கம்போல் துளைக்குள் சிமெண்டுக் குழம்பை ஊற்றி ஒட்டிவிட்டால்? எழும்பிய இடத்துக்கு அருகே உள்ள அரை மீட்டர் கேபிள் மட்டுமே அந்த 2 சென்டிமீட்டரையும் நீள வேண்டியிருக்கும். நூற்றுக்கு நான்கு பங்கு. கேபிள் நிரந்தரமாக நீண்டுவிடும், அறுந்தும் போகலாம். கேபிளை ஒட்டாமல் விடுவது என்ற ஒரே முடிவில்தான் 'தானே நிமிர்வது' முழுவதும் இருக்கிறது.

இதே காரணத்தால் கேபிளை அளவோடுதான் இழுக்க வேண்டும். பாலம் கட்டுவோர் கேபிளை அதன் வலிமையில் முக்கால் பங்கு வரை இழுத்துப் பூட்டுவது வழக்கம். ஆடுசுவரில் பாதியளவிலேயே நிறுத்துகிறார்கள். மீதி இருப்பு நிலநடுக்கத்துக்கு.

மூன்றாவது உறுப்பு, ஆற்றலை விழுங்கும் ஃபியூஸ். சுவரும் கேபிளும் மட்டும் இருந்தால் சுவர் நன்றாகத் திரும்பி வரும், ஆனால் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். அடியில் மோதும்போது சிறிது ஆற்றல் போகும், அது போதாது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் விளையாடிய பிள்ளைகளுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: கட்டுக்கம்பித் துண்டை இப்படியும் அப்படியும் பத்துப் பன்னிரண்டு முறை வளைத்துவிட்டு வளைந்த இடத்தைக் கையில் வைத்தால் சுடும். நம் கை செலவழித்த ஆற்றல் அங்கே வெப்பமாக மாறியிருக்கிறது. ஆடுசுவரின் ஃபியூஸும் இதே வேலையைச் செய்கிறது. 1970களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் உருவான ஒரு வடிவம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பட்டையான எஃகுத் தகட்டைக் குதிரை லாடம்போல் வளைத்து, ஒரு கையை ஒரு சுவரிலும் மறு கையைப் பக்கத்துச் சுவரிலோ தூணிலோ போல்ட்டால் மாட்டுவார்கள். சுவர்கள் ஆடும்போது ஒன்று ஏற, மற்றொன்று இறங்கும். இடையிலுள்ள லாடம் டிராக்டர் சங்கிலிச் சக்கரம்போல் உருண்டு உருண்டு வளையும். அது உருக்குலைந்தால் போல்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொள்ளலாம்.

கேபிளுக்கும் ஃபியூஸுக்கும் இடையே சமநிலை வேண்டும். லாடங்கள் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால், ஒருமுறை வளைந்தபின் அவையே சுவரைச் சாய்ந்த நிலையில் பிடித்து நிறுத்திவிடும். கேபிளும் எடையும் சேர்ந்து நிமிர்த்தும் விசை எப்போதும் லாடங்களின் பிடியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மிகக் குறைவாகப் போட்டால் ஆட்டம் அடங்காது. வடிவமைப்பாளரின் திறமை வெளிப்படுவது இந்த விகிதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான்.

இது காகிதக் கணக்கோடு நின்றுவிடவில்லை. 1999இல் கலிபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழகத்தில், பொறியியல் அறிஞர் நைஜல் பிரீஸ்ட்லி வழிநடத்த, ஆடுசுவர்கள் வைத்து, அசல் அளவில் 60 விழுக்காடு கொண்ட ஐந்து மாடி முன்வார்ப்புக் கட்டடத்தைச் சோதித்தார்கள். சுவர்கள் வலுவாக ஆடி, ஏறத்தாழ தொடங்கிய இடத்துக்கே திரும்பின. அதே நகரின் அதிர்வு மேடையில் 2023இல் ஆடுசுவர்கள் கொண்ட பத்து மாடி மரக் கட்டடத்தை நிறுத்தினார்கள். கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ், தைவானின் சிசி போன்ற நிலநடுக்கங்களின் பதிவுகளை வைத்து மீண்டும் மீண்டும் உலுக்கியும் அதன் சட்டகத்துக்குக் குறிப்பிடத்தக்க சேதம் இல்லை. சோதனைக்கூடத்துக்கு வெளியே கிடைத்த சான்றுதான் என்னை நெகிழ வைத்தது. கிறைஸ்ட்சர்ச்சில் சதர்ன் கிராஸ் மருத்துவமனையின் எண்டோஸ்கோபிப் பிரிவு ஆடுசுவர்களோடு 2010இல் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் கட்டடங்கள் மூடப்பட்ட 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகும் அது பயன்பாட்டில் இருந்தது.

இன்னொரு பயனும் உண்டு. நம் ஊருக்கு அது நேரடியாகப் பொருந்தும். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் அடுக்ககங்களைப் பாருங்கள்: மேலே மாடிகள் முழுக்கச் செங்கல் சுவர், கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள். உலுக்கல் வந்தால் மேல்மாடிகள் ஒரே கட்டியாக நிற்க, சாய்வு முழுவதும் கீழ்த்தளத் தூண்களில் குவியும். 2001 குடியரசு நாள் புஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இடிந்த அடுக்ககங்கள் பலவும் இந்த வகைதான். அடியிலிருந்து உச்சிவரை ஓடும் விறைப்பான ஆடுசுவர் முதுகெலும்புபோல் நின்று, எல்லா மாடிகளையும் ஒரே அளவில் சாயச் செய்கிறது. எந்த ஒரு மாடியும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை. டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் தன் பழைய பதினோரு மாடிக் கட்டடத்துக்கு வெளிப்புறத்தில் இப்படிப்பட்ட சுவர்களைப் பொருத்தியது. 2011 மார்ச் மாதத்துப் பெரும் நிலநடுக்கம் வந்தபோது கட்டடம் நன்றாகத் தாங்கியது.

சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலில் நிற்கும் கணத்தில் சுவரின் எடையும் கேபிளின் இழுவையும் முழுவதுமாக அந்த மூலையில் இறங்கும். அங்கே நெருக்கமான வளையக் கம்பிகளோ எஃகுக் காலணியோ இல்லாவிட்டால் கான்கிரீட் நொறுங்கும். சுவர் எழும்பும்போது அதோடு கட்டிய தளத்தையும் தூக்கிக் கிழித்துவிடக் கூடாது. மேலும் கீழும் வழுக்கவிட்டு, பக்கவாட்டில் மட்டும் பிடிக்கும் இணைப்புகள் தேவை. கட்டடம் சாயும் அளவுக்குக் குழாய்களும் கண்ணாடிகளும் படிக்கட்டுகளும் ஈடுகொடுக்க வேண்டும். ஏற்காட்டில் வேறொரு தடையும் உண்டு. சரிவில் கட்டும் வீடுகளில் மேட்டுப்பக்கத் தூண்கள் குட்டையாகவும் பள்ளப்பக்கத் தூண்கள் நெட்டையாகவும் இருக்கின்றன. குட்டைத் தூண் விறைப்பானது என்பதால் விசையின் பெரும்பங்கை அதுவே வாங்கி முதலில் உடையும். அங்கே ஆடுசுவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய வேண்டும்.

சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கு இது தேவையில்லை. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அடித்தளத்திலும் லிண்டல் மட்டத்திலும் சுற்றிலும் விடுபடாத கான்கிரீட் பட்டை, தூணில் நெருக்கமாக வளையம், வளைய முனை உள்நோக்கி 135 டிகிரி மடிப்பு. மேஸ்திரி தொண்ணூறு டிகிரியோடு நிறுத்தினால், "அண்ணே, இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்குங்கள்" என்று கேட்டுச் செய்யவையுங்கள். ஆனால் புதிதாக எழும் மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், மாவட்டத்தின் அவசரக் கட்டுப்பாட்டு அறை ஆகியவை வேறு வகை. ஊர் அடிபட்ட அன்றே அவை திறந்திருக்க வேண்டும். அவற்றைத் திட்டமிடும்போது இந்தச் சுவரையும் கணக்கில் எடுத்து, கூடுதலாகும் செலவையும் மூடிக் கிடந்தால் வரும் இழப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறேன்.

அப்படி ஒரு கட்டடம் இங்கே எழுந்து, ஒருநாள் நிலமும் அதிர்ந்துவிட்டால், மறுநாள் காலை வேலை இப்படி இருக்கும். ஒருவர் கீழ்த்தளத்தில் சுவரடி மூடியைத் திறந்து, மூலைக் கான்கிரீட் உதிர்ந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பார். லாடத் தகடுகளில் வெடிப்பு விட்டவற்றுக்குச் சுண்ணக்கட்டியால் குறி போடுவார். இன்னொருவர் மொட்டைமாடிக்கு ஏறி, கேபிள் பூட்டின் கிரீஸ் மூடியைக் கழற்றி, இழுவை குறைந்திருக்கிறதா என்று ஜாக்கி வைத்து அளப்பார். குறைந்திருந்தால் மீண்டும் இழுத்துப் பூட்டுவார். குறி போட்ட தகடுகளை மாற்ற ஸ்பேனரும் உதிரித் தகடுகளும் வேண்டும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே புறநோயாளிகள் வரிசை தொடங்கியிருக்கும்.